செய்து பார்க்க வைக்கும் இணையத்தளங்கள்

2018-19 கல்வியாண்டில் தமிழ்நாட்டில் ஒன்று, ஆறு, ஒன்பது, பதினொன்று ஆகிய வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வந்தபோது, அவற்றின் பக்கங்களில் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாலான கியூஆர் குறியீடுகளும், பாட இறுதியில் ‘இணையச் செயல்பாடு’ என்று தலைப்பிட்ட பெட்டிகளும் இடம்பெற்றன. கைப்பேசியின் கேமராவால் அக்குறியீட்டைப் படித்தால் அந்தப் பாடத்துக்குரிய காணொலியோ பயிற்சியோ திறக்கும். பெட்டியிலோ ஓர் இணையத்தளத்தின் முகவரியும், அங்கே எந்தப் பொத்தானை முதலில் அழுத்த வேண்டும், எதை இழுத்துப் பார்க்க வேண்டும் என்ற படிநிலைகளும் படங்களுடன் தரப்பட்டிருக்கும். அறிவியல் பாடநூல்களில் இப்பெட்டிகள் பல ‘ஃபெட்’ என்னும் தளத்துக்கும், கணிதப் பாடநூல்களில் பல ‘ஜியோஜீப்ரா’ என்னும் தளத்துக்கும் வழிகாட்டுகின்றன. ஆகவே, பள்ளிக்கு எந்த இணையத்தளம் பயன்படும் என்ற கேள்விக்கான விடையில் ஒரு பகுதி ஒவ்வொரு மாணவரின் புத்தகப் பையிலும் ஏற்கெனவே இருக்கிறது. தேர்வுக்குரிய வினா எதுவும் அப்பெட்டியிலிருந்து எழாததால், பாடத்தை முடிக்கும் அவசரத்தில் எளிதில் தாண்டிச் செல்லப்படும் பகுதியாகவும் அதுவே இருக்கிறது.

கல்வி இணையத்தளங்களை, அவை மாணவரிடம் என்ன எதிர்பார்க்கின்றன என்ற நோக்கில் பார்த்தால், மூவகையாகக் காணலாம். நூல்களையும் ஆவணங்களையும் சேர்த்து வைத்துத் தேடி எடுக்க உதவுபவை ஒரு வகை. ஆசிரியரின் விளக்கத்தைக் காணொலியாகப் பதிந்து தருபவை இன்னொரு வகை. மாணவர் தாமே ஒன்றை மாற்றி, விளைவைக் கண்டு, காரணத்தைத் தேடும்படி அமைந்தவை மூன்றாம் வகை. முதல் இரண்டும் எண்ணிக்கையில் மிகுதி, அவற்றைப் பற்றிய விளம்பரமும் மிகுதி. ஆனால் கரும்பலகையாலும் பாடநூலாலும் தர முடியாத ஒன்றை வகுப்பறைக்குத் தருவது மூன்றாம் வகையே என்பதால், ஆசிரியர் தம் நேரத்தை முதலில் செலவிட வேண்டியது அங்குதான்.

இவ்வகைக்கு முதல் எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் போல்டர் நகரிலிருந்து நடத்தும் ஃபெட் தளம். 2001இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன், அதற்கு அடுத்த ஆண்டே, மாணவர்கள் இயற்பியலை மனப்பாடம் செய்வதை விடுத்து ஆராய்ந்து அறிவதற்காக இத்தளத்தைத் தொடங்கினார். இயற்பியலில் தொடங்கிய முயற்சி பின்னர் வேதியியல், உயிரியல், கணிதம், புவி அறிவியல் ஆகியவற்றுக்கும் விரிந்தது. இங்குள்ளவை ‘பாவனைக் கருவிகள்’, அதாவது இயற்கையின் ஒரு நிகழ்வை அதற்குரிய விதிகளின்படியே கணினித் திரையில் நடத்திக் காட்டும் நிரல்கள். கட்டணம் கிடையாது, 100க்கும் மேற்பட்ட மொழிகளில் பெயர்க்கப்பட்டுள்ளன, தமிழிலும் பல கருவிகள் கிடைக்கின்றன. ஒவ்வொரு கருவியையும் மாணவர்களிடம் கொடுத்து, அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள், எதைத் தாமாகக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதை உடனிருந்து கவனித்துத் திருத்திய பிறகே வெளியிடுவது இக்குழுவின் வழக்கம். அதனால்தான் நீண்ட வழிமுறைக் குறிப்பு எதுவும் இல்லாமலே ஒரு மாணவரால் அதைக் கையாள முடிகிறது.

மின்சுற்று அமைக்கும் கருவியை எடுத்துக்கொண்டு பார்த்தால் இதன் பயன் தெளிவாகும். திரையின் ஓரத்தில் மின்கலம், கம்பி, மின்விளக்கு, சாவி, மின்தடை ஆகியவை வரிசையாக இருக்கும். அவற்றை நடுவே இழுத்து வைத்து முனைகளை ஒன்றோடொன்று சேர்த்தால் சுற்று முழுமையாகி, விளக்கு எரியும். கம்பிக்குள் எலக்ட்ரான்கள் நீலப் புள்ளிகளாக நகர்வதும் தெரியும். மின்னோட்டம் விளக்கில் ‘செலவாகிவிடுகிறது’, ஆகவே விளக்குக்கு முன்னுள்ள கம்பியில் அதிகமாகவும் பின்னுள்ள கம்பியில் குறைவாகவும் இருக்கும் என்ற எண்ணம் மாணவர்களிடம் பரவலாகக் காணப்படுவது; பாடத்தை வாய்விட்டுச் சரியாக ஒப்பிக்கும் மாணவரிடமும் அது மறைந்திருக்கும். இக்கருவியில் உள்ள அம்மீட்டரை விளக்குக்கு முன்னும் பின்னும் மாற்றி வைத்துப் பார்க்கச் சொன்னால், 9 வோல்ட் மின்கலமும் 10 ஓம் விளக்கும் கொண்ட சுற்றில் இரண்டு இடங்களிலும் 0.90 ஆம்பியர் என்றே அளவு காட்டும். அதே போன்ற இன்னொரு விளக்கைத் தொடர் இணைப்பில் சேர்த்தால் மின்னோட்டம் 0.45 ஆம்பியராகக் குறைந்து இரண்டு விளக்குகளும் மங்கலாகும். பக்க இணைப்பில் சேர்த்தாலோ ஒவ்வொரு விளக்கும் முன்போலவே பிரகாசமாக எரிய, மின்கலத்திலிருந்து வரும் மொத்த மின்னோட்டம் 1.80 ஆம்பியராக உயரும். வீட்டில் ஓர் அறையின் விளக்கை அணைத்தால் மற்ற அறைகள் இருளாவதில்லை என்பதற்கான காரணத்தை அதன் பிறகு ஆசிரியர் சொல்லத் தேவையிராது, மாணவரே சொல்லிவிடுவார். மின்கலத்தின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்தால் திரையில் தீப்பிடிப்பதாகக் காட்டும். குறுக்குச் சுற்றின் ஆபத்தை ஆபத்தில்லாமல் கற்பதற்கு இதைவிட நல்ல வழி எளிதில் கிடைக்காது.

எனினும், இக்கருவியைப் பெரிய திரையில் ஆசிரியர் தாமே இயக்கிக் காட்டி, மாணவர்களை வேடிக்கை பார்க்க வைத்தால் அதுவும் ஒரு காணொலியாகிவிடும். முதலில் என்ன நடக்கும் என்று ஒவ்வொரு மாணவரும் குறிப்பேட்டில் எழுத வேண்டும், பிறகு செய்து பார்க்க வேண்டும், எழுதியதும் கண்டதும் ஏன் வேறுபட்டன என்பதை இறுதியில் விளக்க வேண்டும் என்ற வரிசையைப் பின்பற்றுவதே இதன் பயனைப் பல மடங்காக்கும். இரண்டாவது விளக்கைச் சேர்க்கும் முன் ‘வெளிச்சம் கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா’ என்று கேட்டுக் கையுயர்த்தச் சொல்வதற்கு ஒரு நிமிடமே ஆகும்; அந்த ஒரு நிமிடத்தில்தான் மாணவர் தம் எண்ணத்தைப் பணயம் வைக்கிறார், அதன் பிறகு வரும் விடை அவருக்கு உரியதாகிறது. அரசுப் பள்ளிகளின் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களில் ஒரு கணினிக்கு இருவர் அல்லது மூவர் அமர நேர்வது குறையாகத் தோன்றினாலும், இத்தகைய பணிக்கு அது நன்மையே. தனியாக அமர்ந்தால் மௌனமாகச் சொடுக்கிச் செல்லும் மாணவர், அருகில் ஒருவர் இருக்கும்போது வாதிடுகிறார்.

கணிதத்தில் இதே இடத்தை ஜியோஜீப்ரா வகிக்கிறது. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோகன்வார்ட்டர் தம் முதுகலை ஆய்வுக்காக 2001இல் தொடங்கிய இம்மென்பொருள், வடிவியலையும் இயற்கணிதத்தையும் ஒரே திரையில் இணைக்கிறது. ஒரு கோட்டை வரைந்தால் அதன் சமன்பாடு பக்கத்திலேயே தோன்றும், சமன்பாட்டில் ஓர் எண்ணை மாற்றினால் கோடு நகரும். ஒன்பதாம் வகுப்பில் முக்கோணத்தின் செங்கோட்டு மையம், அதாவது மூன்று முனைகளிலிருந்தும் எதிர்ப்பக்கங்களுக்கு வரையும் செங்குத்துக் கோடுகள் சந்திக்கும் புள்ளி, பாடமாக வருகிறது. குறுங்கோண முக்கோணத்தில் அது உள்ளே இருக்கும், செங்கோண முக்கோணத்தில் செங்கோணம் அமைந்த முனையின் மீதே இருக்கும், விரிகோண முக்கோணத்தில் வெளியே போய்விடும் என்று புத்தகம் மூன்று தனித்தனிப் படங்களால் சொல்வதை, இங்கே ஒரே முக்கோணத்தின் ஒரு முனையைப் பிடித்து மெல்ல இழுத்தே பார்த்துவிடலாம். புள்ளி உள்ளிருந்து நகர்ந்து முனையைத் தொட்டு வெளியேறும் அந்த நொடியில், மூன்று விதிகளாக மனப்பாடம் செய்யப்பட்டவை ஒரே விதியின் மூன்று நிலைகள் என்பது விளங்குகிறது. ஆனால் இழுத்துப் பார்த்தல் நிரூபணம் ஆகாது. எந்த முக்கோணத்தை எப்படி இழுத்தாலும் கோணங்களின் கூடுதல் 180 பாகையாகவே இருப்பதைக் கண்ட மாணவரிடம், ‘ஏன் அப்படி இருந்தாக வேண்டும்’ என்று கேட்டு, இணைகோட்டை வரைந்து நிறுவச் செய்வது ஆசிரியரின் பணியாகவே எஞ்சி நிற்கிறது.

வானியலுக்கு ‘ஸ்டெல்லேரியம்’ இருக்கிறது. பிரெஞ்சு நிரலாளர் ஃபாபியன் ஷெரோ உருவாக்கிய இக்கட்டற்ற மென்பொருளில் ஊரின் பெயரையும் நாளையும் நேரத்தையும் கொடுத்தால், அந்த இடத்தில் அந்த நேரத்தில் தெரியும் வானம் திரையில் விரியும். துருவ விண்மீன் ஓர் ஊரில் அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் தெரிகிறதோ ஏறக்குறைய அதுவே அவ்வூரின் அட்சரேகை என்பது புவியியல் பாடத்தில் ஒரு வரியாக வந்து மறக்கப்படுவது. கன்னியாகுமரியில் 8 பாகை, யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ 10, சென்னையில் 13, இலண்டனில் 51 பாகைக்குச் சற்று மேல் என்று ஊரை மாற்றி மாற்றி அதே விண்மீன் ஏறுவதைக் கண்ட மாணவருக்குப் பூமி உருண்டை என்பது கேள்விப்பட்ட செய்தியாக இல்லாமல் அளந்தறிந்த உண்மையாகிறது.

திரையில் செய்வது கையால் செய்வதற்கு ஈடாகுமா என்ற ஐயம் நியாயமானது. அதற்கு விடை தருவதைப் போல, மாணவரைத் திரையிலிருந்து மேசைக்கே திருப்பி அனுப்பும் தளம் ஒன்று இந்தியாவிலேயே இருக்கிறது. கான்பூர் ஐஐடியில் 1975இல் பொறியியல் பட்டம் பெற்று, மத்தியப் பிரதேசத்தின் ஓசங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தில் பங்கேற்றதன் விளைவாகக் குழந்தைகளின் அறிவியலுக்கே தம் வாழ்வைக் கொடுத்தவர் அரவிந்த் குப்தா. 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். தீக்குச்சி, சைக்கிள் வால்வு குழாய், பழைய செய்தித்தாள், காலிப் புட்டி ஆகியவற்றால் செய்யும் நூற்றுக்கணக்கான அறிவியல் பொம்மைகளின் செய்முறையைப் படங்களாகவும் குறும்படங்களாகவும் அவரது தளம் இலவசமாகத் தருகிறது. குறும்படங்கள் பல தமிழ் விளக்கத்துடனும் உள்ளன. எவரும் படியெடுக்கலாம், எங்கும் பயன்படுத்தலாம் என்பதே அவரது கொள்கை.

எடுத்துக்காட்டுக்கு அவற்றுள் மின்மோட்டார் ஒன்றே போதும். ஒரு டார்ச் விளக்கு மின்கலத்தின் இரு முனைகளிலும் ஒவ்வோர் ஊக்கை நிறுத்தி, சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் பட்டையால் இறுக்கி, மின்கலத்தின் மேல் ஒரு காந்தத் துண்டை ஒட்ட வைக்க வேண்டும். பூச்சிட்ட செப்புக் கம்பியைச் சில சுற்றுகள் வளையமாகச் சுற்றி, இரு முனைகளையும் எதிரெதிர்த் திசையில் நீட்டி, ஊக்குகளின் துளைகளில் நுழைத்தால் வளையம் காந்தத்துக்கு மேலே தொங்கும். ஒரு முனையில் பூச்சை முழுவதும் சுரண்ட வேண்டும். மறு முனையில் ஒரு பக்கத்தை மட்டும் சுரண்டாமல் விட வேண்டும். விரலால் மெல்லத் தட்டிவிட்டால் வளையம் விடாமல் சுழலும். இரண்டு முனைகளையும் முழுவதும் சுரண்டிவிட்டால் அது அரைச் சுற்று வந்து திணறி நின்றுவிடும். ஏனெனில் அரைச் சுற்றுக்குப் பிறகு வளையத்தின் மீதான விசை எதிர்த்திசைக்கு மாறிவிடுகிறது. சுரண்டாமல் விட்ட பூச்சு, அந்த எதிர் அரைச் சுற்றில் மின்னோட்டத்தைத் துண்டித்து, வளையம் தன் வேகத்தாலேயே அதைக் கடக்க விடுகிறது. ஒன்பதாம் வகுப்புப் பாடத்தில் ‘திசைமாற்றி’ என்ற பெயரோடு படத்தில் மட்டும் காணும் உறுப்பு என்ன வேலை செய்கிறது என்பதை, ஒரு பிளேடால் சுரண்டிய, சுரண்டாமல் விட்ட கம்பி முனை கற்பித்துவிடுகிறது. இதற்கு வகுப்பில் இணையம்கூடத் தேவையில்லை. ஆசிரியர் ஒருவர் ஒரு முறை வீட்டில் பார்த்துவிட்டு வந்தால் போதும்.

காணொலிப் பாடங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், அவை பெரும்பாலோர் அறிந்தவை என்பதால். சல்மான் கான் என்பவர் 2004இல் தம் உறவுக்காரச் சிறுமிக்குத் தொலைவிலிருந்து கணிதம் கற்பிக்கத் தொடங்கியதிலிருந்து வளர்ந்து, 2008இல் இலாப நோக்கற்ற நிறுவனமாகப் பதிவான கான் அகாடமி, காணொலியோடு படிப்படியான பயிற்சிக் கணக்குகளையும் தருவதால் மற்றவற்றிலிருந்து வேறுபடுகிறது. மாணவர் எந்தப் படியில் பிழை செய்கிறார் என்பதை ஆசிரியர் காணவும் அது வழிசெய்கிறது. மத்திய அரசின் திக்ஷா தளம் 2017 செப்டம்பர் 5ஆம் நாள், ஆசிரியர் தினத்தன்று தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டுப் பாடநூல்களின் கியூஆர் குறியீடுகள் இதனோடு இணைந்தே செயல்படுகின்றன. 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபிலும் கிடைக்கின்றன. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்குமான பாடக் கருத்துகளைச் சிறு அசைபடங்களாக விளக்கும் ‘மணற்கேணி’யை மாநிலக் கல்வித்துறை 2023இல் வெளியிட்டது. கல்லூரி மாணவர்களுக்கு ஐஐடிகளும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் இருக்கிறது. பாடங்கள் இலவசம், சான்றிதழுக்குரிய தேர்வுக்கு மட்டுமே கட்டணம். விரிவுரைகளின் எழுத்துவடிவம் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பெயர்க்கப்பட்டு வருகிறது.

இவ்வரிசையில் போதிய அளவு அறியப்படாமல் இருப்பது, மும்பை ஐஐடியின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’. பேராசிரியர் கண்ணன் மௌட்கல்யா தலைமையில் வளர்ந்த இத்திட்டம், லிப்ரே ஆபீஸ், லினக்ஸ், பைத்தான் போன்ற கட்டற்ற மென்பொருள்களை ஏறத்தாழப் பத்து நிமிட நீளமுள்ள ஒலி-ஒளிப் பாடங்களாகக் கற்பிக்கிறது. திரையில் தெரியும் மென்பொருள் ஆங்கிலத்திலேயே இருக்க, விளக்கும் குரல் மட்டும் தமிழில் இருக்கும். வேலைக்குச் செல்லும்போது காணப்போகும் அதே ஆங்கிலத் திரையை, புரியும் மொழியின் துணையோடு பழகிக்கொள்ளச் செய்யும் ஏற்பாடு இது. பாடத்தைத் திரையின் ஒரு பாதியிலும் மென்பொருளை மறு பாதியிலும் திறந்து வைத்து, ஒரு படி கேட்டவுடன் நிறுத்தி, அதைத் தானே செய்து, பிறகு தொடர வேண்டும் என்பது இத்திட்டத்தின் விதி. ஆசிரியரோ பயிற்சி மையமோ இல்லாத சிற்றூர் மாணவரை மனத்தில் வைத்தே பாடங்கள் எழுதப்பட்டுள்ளன. காணொலியாக இருந்தும் இது மேலே சொன்ன மூன்றாம் வகையோடு சேர்வது இந்த ஒரு விதியால்தான்.

தமிழாசிரியர்களுக்கும் தமிழ் மாணவர்களுக்கும் இணையம் தந்திருப்பவற்றுள் மிகப் பெரியது நூலகங்களே. 1998 பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த அறிவியலாளர் கு. கல்யாணசுந்தரத்தின் முயற்சியால் தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டுப் படைப்புகள் வரை தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் உருவாக்கியது. படமாக இல்லாமல் எழுத்தாக இருப்பதால், ஒரு சொல்லை இட்டு நூல் முழுவதும் தேட முடிகிறது. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் தமிழ்நாடு அரசு தொடங்கி, இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகமாக இயங்கும் நிறுவனத்தின் தளத்தில் சங்க நூல்கள் உரைகளோடும், அகராதிகளும், கலைச்சொல் தொகுதிகளும், வெளிநாட்டில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கான பாடங்களும் உள்ளன. அதன் மின்னூலகத்தில் அச்சில் கிடைக்காத பழைய நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகக் காணலாம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகன், ஒரு லட்சத்துக்கும் அதிகமான சொற்களோடு, அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் தேடத்தக்க வடிவில் இருக்கிறது. பாடநூலில் வரும் செய்யுட்சொல் ஒன்றுக்குக் கோனார் உரை போன்ற துணைநூல் தரும் ஒற்றைப் பொருளோடு நின்றுவிடாமல், அச்சொல்லின் பல பொருள்களையும், அவை ஒவ்வொன்றும் எந்த நூலில் ஆளப்பட்டுள்ளது என்ற குறிப்பையும் லெக்சிகனில் கண்டு, அந்த நூலை மதுரைத் திட்டத்தில் திறந்து, சொல் அமைந்த பாடலைப் படித்துவிட்டு வருமாறு ஒரு மேல்நிலை வகுப்பு மாணவரிடம் சொல்லலாம். முன்பு பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வு மாணவர் மட்டுமே செய்ய முடிந்த பயிற்சி இது.

ஈழத்துத் தமிழரின் எழுத்துகளுக்கு நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகம் அரண். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. எஞ்சியவற்றிலும் பல, தொடர்ந்த போரிலும் இடப்பெயர்வுகளிலும் சிதறின. அந்த இழப்பின் நினைவு நீங்காத சமூகத்திலிருந்து 2005இல் தொடங்கிய இத்தன்னார்வ முயற்சி, நூல்கள், சஞ்சிகைகள், நாளிதழ்கள், பாடசாலை மலர்கள், நினைவு மலர்கள் என்று கிடைத்தவற்றையெல்லாம் மின்வருடிப் பொதுவில் வைத்திருக்கிறது. தம் ஊரின் வரலாற்றை எழுத முனையும் மாணவருக்கு, அவ்வூர்ப் பாடசாலையின் பழைய மலர் ஒன்றே முதன்மைச் சான்றாக அமையக்கூடும். இலங்கையின் பாடத்திட்டத்துக்கு வேண்டியவை வேறு இடங்களில் உள்ளன: கல்வி அமைச்சின் ‘ஈ-தக்சலாவ’ தளம் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் பாடங்களைத் தருகிறது, கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களும், மகரகமையில் உள்ள தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகளும் தமிழிலேயே பதிவிறக்கம் செய்யத்தக்கவை. ஆசிரியர் வழிகாட்டிகள் பாடத்தை எப்படி நடத்துவது என்று படிப்படியாகச் சொல்பவை என்பதால், தமிழ்நாட்டு ஆசிரியர்களும் அவற்றைப் படிக்கலாம். தேடும்போது ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: தமிழ்நாட்டில் ஒளிச்சேர்க்கை எனப்படுவது இலங்கையில் ஒளித்தொகுப்பு, ஆக்சிஜன் அங்கே ஒட்சிசன், இரண்டு சொற்களையும் இட்டுத் தேடினால்தான் இரு நாட்டு வளங்களும் கைக்கு வரும்.

சிறு குழந்தைகளின் வாசிப்புக்கு, பிரதம் புக்ஸ் 2015 செப்டம்பர் 8ஆம் நாள், உலக எழுத்தறிவு நாளில் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தைச் சொல்ல வேண்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும் குழந்தை முதல் தானாகப் படிக்கும் குழந்தை வரை நான்கு நிலைகளாகப் பிரித்த படக்கதைகள் தமிழிலும் நிறைய உள்ளன. ஆனால் இத்தளத்தின் உண்மையான சிறப்பு, ஓர் ஆசிரியர் அங்குள்ள கதையைத் தம் மாணவர்களின் பேச்சுக்கு ஏற்ப மாற்றி எழுதலாம், வேறு மொழியிலிருந்து பெயர்க்கலாம், படங்களை மட்டும் எடுத்துப் புதுக்கதை புனையலாம், அச்சிட்டு வகுப்பில் கொடுக்கலாம் என்பதே. இந்த உரிமையைத் தருவது ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ என்னும் உரிமம். பொதுவாக ஒரு படைப்பு உருவான கணமே அதன் படியெடுக்கும் உரிமை படைத்தவருக்கு உரியதாகிவிடுகிறது. பிறர் பயன்படுத்த அவரிடம் அனுமதி கேட்க வேண்டும். அந்த அனுமதியைப் படைத்தவரே முன்கூட்டி, எல்லோருக்கும், சில நிபந்தனைகளுடன் எழுதிக் கொடுத்துவிடுவதற்காக 2001இல் தோன்றிய அமைப்பு கிரியேட்டிவ் காமன்ஸ். படைத்தவர் பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்பது ஒரு நிபந்தனை. வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, மாற்றி எழுதியதையும் இதே உரிமத்தில் வெளியிட வேண்டும் என்பவை வேறு சில. இவ்வாறு திறந்துவிடப்பட்ட பாடப்பொருள்களைத் ‘திறந்தநிலைக் கல்வி வளங்கள்’ என்று யுனெஸ்கோ 2002 முதல் குறித்து வருகிறது. தளத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் இந்த உரிமக் குறிப்பை ஆசிரியர்கள் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள். இலவசமாகப் பார்க்கலாம் என்பதற்கும், எடுத்து மாற்றிப் பயன்படுத்தலாம் என்பதற்கும் இடையிலுள்ள பெரிய வேறுபாடு அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது.

எந்தத் தளத்தை நம்புவது என்பதற்கு எளிய வழிகள் சில உண்டு. தளத்தை நடத்துபவர் யார் என்பது வெளிப்படையாக இருக்கிறதா, பாடத்தில் பிழை கண்டால் தெரிவிக்க இடமிருக்கிறதா, குழந்தையின் பெயரும் கைப்பேசி எண்ணும் கேட்காமல் பாடத்தைத் திறந்துவிடுகிறதா என்று பார்த்தாலே பாதிக்கு மேல் கழிந்துவிடும். முக்கிய வினாக்கள், ஒரு மதிப்பெண் விடைகள் என்று தலைப்பிட்டு விளம்பரங்களுக்கு நடுவே விடைகளைத் தரும் தளங்கள் தேர்வுக் காலத்தில் ஏராளமாக முளைக்கின்றன. அவற்றில் ஒரு தளத்தின் பிழையே அடுத்த தளத்திலும் அப்படியே காணப்படுவது, யாரும் சரிபார்க்காமல் படியெடுத்துச் செல்வதன் அடையாளம். 2003இல் தொடங்கி 2017இல் ஒரு லட்சம் கட்டுரைகளைக் கடந்த தமிழ் விக்கிப்பீடியாவை மாணவர்கள் அப்படியே எழுதிக்கொண்டு வருவதைத் தடுப்பதைவிட, கட்டுரையின் கீழுள்ள சான்றுகளைத் திறந்து பார்க்கவும், சான்று இல்லாத வாக்கியத்தைக் கண்டுபிடிக்கவும் பழக்குவது மேலானது; ஒரு தகவலை எங்கிருந்து அறிந்தோம் என்று கேட்கும் பழக்கத்தை வேறெந்தப் பாடமும் இவ்வளவு நேராகக் கற்பிப்பதில்லை.

இணைய இணைப்பு நிலையாக இல்லாத பள்ளிகளுக்கு இவையெல்லாம் எட்டாதவை என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. ஃபெட் கருவி ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாகப் பதிவிறக்கிப் பென் டிரைவில் வைத்துக்கொண்டால், உலவியுள்ள எந்தக் கணினியிலும் இணைப்பின்றித் திறக்கும். ஜியோஜீப்ராவையும் ஸ்டெல்லேரியத்தையும் ஒரு முறை நிறுவிவிட்டால் போதும்; ஸ்டோரிவீவர் கதைகளை அச்சிட்டுக்கொள்ளலாம்; மதுரைத் திட்டத்தின் நூல்களையும் கோப்புகளாக இறக்கிக்கொள்ளலாம். ஆண்டுத் தொடக்கத்தில் நல்ல இணைப்புள்ள ஓரிடத்தில் சில மணி நேரம் அமர்ந்து, தம் பாடத்திட்டத்தின் எந்த அலகுக்கு எது என்று குறித்து, அதற்குரிய கோப்புகளை வகுப்பு வாரியாக அடுக்கி வைக்கும் ஆசிரியர், ஆண்டு முழுவதும் இணையத்தை எதிர்பார்க்க வேண்டியதில்லை. பத்துத் தளங்களை மேலோட்டமாக அறிமுகப்படுத்துவதைவிட, ஒரு பருவத்துக்கு இரண்டு கருவிகளை ஆழமாகப் பயன்படுத்துவதே மாணவருக்கு நன்மை. கருவியைப் பழகுவதிலேயே நேரம் கழிந்து பாடம் பின்தங்கும் நிலை அப்போது நேராது.

இவற்றுள் பல தளங்கள் ஆசிரியரைப் பயனராக மட்டும் நிறுத்திவிடவில்லை. ஸ்போக்கன் டுடோரியலுக்குத் தமிழில் குரல் கொடுத்தவர்களும், மதுரைத் திட்டத்துக்கு மெய்ப்புப் பார்த்தவர்களும், ஸ்டோரிவீவரில் கதைகளைப் பெயர்த்தவர்களும் இத்தகைய பங்களிப்பால்தான் தமிழுக்கு அவற்றைக் கொண்டுவந்தனர். ஃபெட் தளத்தில் மொழிபெயர்ப்புக்கென்றே தனிப்பகுதி உண்டு. ஆசிரியர் பதிவு செய்துகொண்டால், ஒரு கருவியில் வரும் ஆங்கிலச் சொற்கள் ஒரு பத்தியிலும், தமிழை இடுவதற்கான வெற்றிடம் எதிர்ப்பத்தியிலும் தோன்றும். சிறிய கருவி ஒன்றில் பெயர்க்க வேண்டியவை சில பத்துச் சொற்றொடர்களே; பாடநூலில் ஆளப்பட்ட கலைச்சொற்களையே பயன்படுத்தினால் மாணவருக்குக் குழப்பமும் வராது. இன்னும் தமிழுக்கு வராத கருவிகள் எவை என்பது அத்தளத்தின் பட்டியலைப் பார்த்தாலே தெரியும். தாம் அடுத்த மாதம் நடத்தப்போகும் அலகுக்குரிய கருவி அதில் இருந்தால், ஆசிரியர் அதிலிருந்தே தொடங்கலாம்.